கழுவினாலும் போகாத கறுப்பு: நீலகிரியில் கிழங்குத் தோல் நோயோடு பழகியது

கேத்திப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற யாரிடமும் நோய் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது கருகல்தான். நாலு நாள் மூட்டமும் தூறலும் சேர்ந்தால் ஒரு வயலையே கருக்கிவிடும் என்பதால் அந்தப் பயம் நியாயமானது. மருந்துச் செலவு, ஆள்கூலி, தூக்கம் எல்லாம் அதற்கே போய்விடுகிறது. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் விலையை இறக்குவது பல நேரம் வேறொன்று. செடி கடைசிவரை பச்சையாக நின்றிருக்கும், எடையும் குறைவில்லாமல் வந்திருக்கும். மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் தோல் முழுக்கக் கறுப்புப் பொட்டு. ஏலம் எடுக்க வந்தவர் இரண்டு கிழங்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார்.

இந்தத் தோல் நோய்களில் நான் பட்டறிந்ததை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் கெடுவது விதைக்கிழங்கில் ஆரம்பிக்கிறது, செடி காய்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும் நாட்களில் முற்றுகிறது, அப்புறம் வைக்கிற இடத்தின் ஈரத்தில் பரவுகிறது. இடையில் இலைமேல் அடிக்கிற மருந்து கருகலுக்கு உதவும், தோலுக்கு உதவாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘இன்னும் ஒரு ஸ்ப்ரே’ என்று செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

முதலில் எது எந்த நோய் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாளித் தண்ணீரும் கைநகமும் போதும்.

கிழங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். செம்மண் போன பிறகும் கறுப்பாக, கொஞ்சம் மேடாக, மண் ஒட்டியது போலவே தெரிந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொருக்காகப் பெயர்ந்து வந்து, அடியில் தோல் பழுதில்லாமல் இருந்தால் அது கருஞ்செதில். ரைசோக்டோனியா என்ற பூஞ்சை தன்னைச் சுருட்டிக்கொண்டு உறங்கும் கட்டிதான் அந்தக் கறுப்பு. சுரண்டினால் வராமல், தோலே தக்கை மாதிரி சொரசொரவென்று வெடித்திருந்தால் அது சொறி. அதை உண்டாக்குவது பூஞ்சையே இல்லை, ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா. சின்னச் சின்னக் கொப்புளம் உடைந்து உள்ளே பழுப்புப் பொடி இருந்தால் பொடிச்சொறி. ஈரமும் குளிரும் சேர்ந்த மண்ணில் வருவது. நான்காவது, வெள்ளிச் செதில். காய்ந்த கிழங்கில் மங்கலான சாம்பல் நிறத் திட்டு, அவ்வளவுதான் தெரியும். நனைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் வெள்ளிப் பூச்சு பூசியது போல மினுங்கும். அது ஹெல்மின்தோஸ்போரியம் என்ற பூஞ்சை.

பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொறிக்குப் பூஞ்சைக்கொல்லி வாங்கி ஊற்றினால் காசுதான் கரையும். நம் மலை மண் புளிப்பு மண், அதனால் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுகிறோம். மண்ணின் கார அமில நிலை (pH) 5.2க்குக் கீழே இருந்தால் சாதாரணச் சொறி அடங்கியே இருக்கும்; சுண்ணாம்பை அள்ளிக் கொட்டி அதற்கு மேலே ஏற்றினால் தலைதூக்கும். கிழங்கு விழ ஆரம்பிக்கும் வாரங்களில் மண் காயவிட்டாலும் சொறி கூடும். பொடிச்சொறிக்கோ நேர் எதிர், தண்ணீர் தேங்கினால்தான் கொண்டாட்டம். ஒன்றுக்கு வைத்தியம் இன்னொன்றுக்குத் தீனி. ஆகவே மண் பரிசோதனைச் சீட்டு கையில் இல்லாமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். மக்காத சாணியைப் போடுவதும் சொறியைக் கூட்டும்.

சொறியை இத்தோடு விடுகிறேன். என் வயலில் அதிகம் தொல்லை கொடுத்தவை கருஞ்செதிலும் வெள்ளிச் செதிலும்தான்.

கருஞ்செதில் என்றால் தோல் அழகைக் கெடுக்கும் நோய் என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அது விளைச்சலையே தின்கிறது, நமக்குத் தெரிவதில்லை. விதைக்கிழங்கின் மேல் உறங்கிய கட்டி, மண்ணில் ஈரமும் குளிரும் கிடைத்ததும் விழித்து நூலாகக் கிளம்பி, பக்கத்தில் இருக்கும் இளமுளையைக் கடிக்கும். முளை மண்ணைத் தாண்டி வெளியே வந்து பச்சை கட்டிவிட்டால் ஓரளவு தப்பித்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் நாட்கள்தான் ஆபத்து. ஜனவரி, பிப்ரவரியில் போடுகிற நீர்போகத்தில் மண் சில்லென்று இருப்பதால் முளை மேலே வரத் தாமதமாகும். இந்தப் பூஞ்சைக்கு அது நல்ல காலம். சித்திரையில் போடும் கார்போகத்தில் மண் சூடாக இருப்பதால் முளை சீக்கிரம் தப்பிவிடும்.

வரிசையில் அங்கங்கே பல் விழுந்தது மாதிரி இடைவெளி தெரிந்தால், ‘விதை சரியில்லை’ என்று விட்டுவிடாமல் தோண்டிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருக்கும். முளையின் நுனி மட்டும் பழுப்பாகக் கருகி, அதற்குக் கீழிருந்து வேறொரு முளை பக்கவாட்டில் கிளம்பியிருக்கும். அதுவும் கருகி மூன்றாவது கிளம்பியிருந்தால், செடி வரும், ஆனால் பிந்தி வரும், மெலிந்து வரும். வளர்ந்த செடியில் தண்டின் அடியைப் பாருங்கள். ஈரமான காலை நேரத்தில் மண்ணை ஒட்டிய இடத்தில் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் கழுத்துப் பட்டை போலச் சுற்றியிருக்கும். விரலால் தேய்த்தால் போய்விடும். தண்டுக்குள் சத்து இறங்க வழி அடைபட்டால் நுனி இலை சுருளும். அதை வைரஸ் என்று நினைத்து அசுவினிக்கு மருந்து அடித்தவர்கள் உண்டு. இலைக்கணுவில் பச்சையும் ஊதாவுமாகக் குட்டிக் கிழங்கு காய்த்தால் சந்தேகமே வேண்டாம், அடியில் தண்டு அடைபட்டிருக்கிறது. அந்தச் செடியைப் பிடுங்கினால் தண்டை ஒட்டிக் கோலிக்குண்டு அளவில் ஒரு கொத்தும், கோணலாக ஒன்றிரண்டு பெரிசும் இருக்கும். மண்டிக்கு எதுவும் ஆகாது.

ஆக, எல்லாம் விதையில் இருக்கிறது. விதை வாங்கும்போது நான் இப்போதெல்லாம் ஒன்று மட்டும் விடாமல் செய்கிறேன். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று சில கிழங்கை எடுத்து அங்கேயே கழுவிப் பார்ப்பேன். ஒருமுறை விதை விற்றவர் இதைப் பார்த்துக் கோபப்பட்டார். “மண்ணோட இருந்தாத்தான் அண்ணா ஊட்டிக் கிழங்கு, கழுவிப் பார்த்து யாரு விதை வாங்குறா” என்றார். கழுவியதில் பாதிக்கு மேல் கறுப்பு. “இது மண்ணுதான், ஊறினா போயிடும்” என்றார். நகத்தால் சுரண்டி அவர் உள்ளங்கையிலேயே வைத்தேன். அப்புறம் பேசவில்லை. சிவப்பு மண் பூசிய மூட்டை என்பது வாங்குகிறவனுக்குப் பார்வையை மறைக்கும் திரை. விற்பவர் மனம் கோணுமே என்று நீங்கள் கூச்சப்பட்டால் மூன்று, நான்கு மாதத்துக்கு அந்தக் கூச்சத்தின் விலையை வயல் கொடுக்கும்.

லேசாகப் பொட்டு இருக்கும் விதையை நேர்த்தி செய்து போடலாம். தோல் பெரும்பகுதி மூடியிருந்தால் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

விதை நேர்த்திக்கு எங்கள் அப்பா காலத்தில் பாதரச மருந்துகள் இருந்தன. கையில் உறை இல்லாமல் அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அந்த வகையில் கடைசியாக இருந்த மெத்தாக்ஸி எத்தில் மெர்குரி குளோரைடையும் மத்திய அரசு 2018இல் தடை செய்துவிட்டது. நல்ல வேலை. அந்த இடத்துக்கு வந்தது போரிக் அமிலம். விலை குறைவு, செய்வதும் எளிது. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ. கழுவிய கிழங்கை அதில் 30 நிமிடம் முக்கி வைத்து, எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

இதில் மலைக்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. போரிக் அமிலம் குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது. நம் ஊர் டிசம்பர் காலைத் தண்ணீரில் 3 கிலோவைக் கொட்டிக் குச்சியால் கலக்கினால் பாதி டிரம்மின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மேலே இருப்பது வலுக்குறைந்த கரைசல். முதலில் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, பொடியை அதில் போட்டுக் கலங்கல் தெளியும்வரை கிண்டி, அப்புறம் டிரம்மில் ஊற்றுங்கள். டிரம்மின் அடியைக் கையுறை போட்ட கையால் தடவிப் பாருங்கள். நறநறப்பு இருக்கக் கூடாது. வலைப்பையில் கிழங்கைப் போட்டு இறக்கினால் ஏற்றி இறக்கச் சுலபம். சேற்றோடு இருக்கும் கிழங்கை அப்படியே முக்கினால் கரைசல் சேறாகும், பொட்டின் மேல் மருந்து படவும் படாது. அதனால் முதலில் கழுவல், அதற்குத் தனித் தொட்டி.

முளை விட்ட கிழங்கை இதில் முக்கக் கூடாது. முளை கருகும். அறுவடை முடிந்து, காயம் ஆறி, முளை கிளம்புவதற்கு முன்னால் செய்துவிட வேண்டிய வேலை இது. வெட்டிய விதைக்கும் கூடாது. நடவு நெருங்கி முளையும் வந்துவிட்டதென்றால் பென்சைக்யூரான் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அளவை டப்பாவின் மேல் இருக்கும் சீட்டைப் பார்த்தும், முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலரிடமோ கேட்டும் போடுங்கள். கடைக்காரர் சொல்லும் ‘ஒரு மூடி’ கணக்கு வேண்டாம். மீந்த கரைசலை ஓடையில் ஊற்றாதீர்கள், வயலில் ஒரே இடத்திலும் கொட்டாதீர்கள். போரான் கூடினால் அந்த இடத்தில் பயிர் கருகும்.

விதை சுத்தமானாலும் மண்ணில் இருக்கும் பூஞ்சை இருக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஆமாம், இருக்கும். அதற்குத்தான் நடவு முறை. முளை மண்ணுக்குள் இருக்கும் நாட்களைக் குறைப்பதே மொத்தக் குறி. விதையைத் தட்டில் பரப்பி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, குட்டையாகத் தடித்த பச்சை முளை வந்த பிறகு நடுங்கள். இருட்டில் நீண்ட வெள்ளை முளை ஒடியும், கருகும். ஆழமாகப் புதைக்காதீர்கள். மேலாக நட்டு, செடி வளர்ந்த பிறகு மண் அணைத்துக்கொள்ளலாம். மண் அணைப்பதைத் தள்ளிப்போட முடியும், கருகிய முளையை மீட்க முடியாது.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மாவை நான் தொடர்ந்து போடுகிறேன். ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காட்டி, சாக்கு மூடி நிழலில் சில நாள் வைத்துச் சாலில் இடுவது. இது தீக்கொழுந்தை அணைக்கும் வேலை இல்லை. மெதுவாக மண்ணைப் பழக்குவது. ஒரே போகத்தில் பலன் தேடினால் ஏமாற்றம்தான்.

பயிர்ச்சுழற்சி பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. கிழங்கு, கேரட், மறுபடி கிழங்கு என்று ஓட்டுகிறோம். குத்தகை நிலம் என்றால் இன்னும் மோசம். அடுத்த வருடம் நம் கையில் இருக்குமோ என்ற நினைப்பில் யாரும் மண்ணைப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் படுகர் ஊர்களில் சாமை, ராகி, கோதுமை என்று தானியம் ஒரு சுற்று வரும். அந்தச் சுற்று போனதை மண்ணில் பார்க்கலாம். முடிந்தவரை கிழங்குக்கும் கிழங்குக்கும் நடுவே மூன்று வருடம் இடைவெளி விடுங்கள், நடுவில் கடுகோ, பசுந்தாள் உரச் செடியான லூப்பினோ விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். இன்னொன்று: கேரட் வயலில் தானாக முளைக்கும் கிழங்குச் செடியைப் பிடுங்கி எறியுங்கள். அது நின்றால் சுழற்சி காகிதத்தில்தான்.

இப்போது செடி காயும் கட்டத்துக்கு வருகிறேன். தோல் நோயில் எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

செடி பச்சையாக இருக்கும்வரை கிழங்கின் மேல் கறுப்புப் பொட்டு குறைவாகவே இருக்கும். தண்டை வெட்டியதும், அல்லது அது தானாகக் காய்ந்ததும், பூஞ்சைக்குத் தன் காலம் முடிகிறது என்று தெரிந்துவிடுகிறது. அப்போதுதான் அது கட்டி கட்டியாக உறங்கும் வடிவத்துக்கு மாறிக் கிழங்கின் மேல் ஒட்டிக்கொள்ளும். கிழங்கு உள்ளே கிடக்கக் கிடக்கப் பொட்டு பெருகும். மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் உடனே தோண்டவும் முடியாது. தண்டு வெட்டிய பிறகு தோல் முற்ற 10 முதல் 14 நாள் வேண்டும். முற்றாத தோல் உரிந்தால் அந்தக் காயம் வழியாக வேறு அழுகல் எல்லாம் நுழையும். ஒரு செடியைத் தோண்டி, கிழங்கைக் கட்டை விரலால் அழுத்தி நகர்த்துங்கள். தோல் நகர்ந்து சுருண்டால் பொறுங்கள். நகராமல் நின்றால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

நம் ஊரில் நடப்பது என்ன? விலை இறங்கியிருந்தால், “மண்ணுக்குள்ள இருந்தா பேங்க்ல இருக்கிற மாதிரி” என்று விட்டுவிடுகிறோம். ஏறும் ஏறும் என்று வாரக்கணக்கில் காத்திருந்து, 45 கிலோ மூட்டைக்குக் கொஞ்சம் விலை ஏறியதும் தோண்டினால், ஏறிய விலை பொட்டில்லாத கிழங்குக்கு. நம்முடையது இரண்டாம் ரகம். நான் இதில் கறாராக இருக்கிறேன். தோல் முற்றிவிட்டால் தோண்டிவிடுவேன். காத்திருக்க வேண்டுமென்றால் கொட்டகையில் காத்திருக்கட்டும். விதைக்கு ஒதுக்கிய பாத்திக்கு இது இன்னும் முக்கியம். அங்கே சேரும் பொட்டு அடுத்த போகத்தின் முளையைத்தான் கடிக்கப் போகிறது.

கொட்டகைக்கு வந்தால் வெள்ளிச் செதில். கருஞ்செதில் கொட்டகையில் பெருகுவது குறைவு. வெள்ளிச் செதில் அப்படி இல்லை, ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தூளாகப் பறந்து பரவும். அதற்கு வேண்டியது காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரம், 3 டிகிரிக்கு மேல் வெப்பம். மலையில் மழைக் காலத்துக் கொட்டகை இரண்டையும் தாராளமாகக் கொடுக்கிறது. திட்டு விழுந்த இடத்தில் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. இரண்டு மாதத்தில் கிழங்கு சுருங்கி, எடை குறைந்து, விதையானால் முளையும் சோனியாகும்.

இதற்கு நான் செய்வது காற்றும் உலர்வும்தான். தோண்டியதும் மழை படாமல் நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 10, 15 நாள் காயம் ஆறவிடுவது. அப்புறம் உயரமாகக் குவிக்காமல் தட்டுகளில் அடுக்குவது. கூரையைப் பாருங்கள். பனி விழும் இரவுகளில் தகரக் கூரையின் அடியில் முத்து முத்தாக வியர்த்துக் கிழங்கின் மேல் சொட்டும். கூரைக்குக் கீழே ஒரு சாக்குப் படுதாவோ தென்னந்தட்டியோ கட்டினால் சொட்டு அதில் நிற்கும். பகலில் வெளிக்காற்று சூடேறும்போது கதவை அகலத் திறந்துவிட்டால் அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கிழங்கின் மேல் பட்டு வியர்க்கும். வெளியும் உள்ளும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கும் காலை நேரத்தில் திறந்து, வெயில் ஏறும்போது மூடுவது நல்லது. சமவெளியில் குளிர்பதனக் கிடங்கிலிருந்து விதை எடுப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். வெளியே எடுத்த மூட்டை நனைந்துவிடும். உடனே பிரித்து நிழலில் பரப்புங்கள்.

சாப்பாட்டுக்கான கிழங்கை இருட்டிலும் விதையை வெளிச்சத்திலும் வையுங்கள். இரண்டையும் ஒரே குவியலில் வைக்காதீர்கள்.

சாக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மண்டியிலிருந்து திரும்பி வரும் பழைய சாக்கில் யார் வயல் மண்ணோ ஒட்டியிருக்கும். அதில் கருஞ்செதில் வரும், பொடிச்சொறி வரும், அதைவிடப் பெரிய எதிரியான, கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் மஞ்சள் நூற்புழுவும் வரும். அந்த நூற்புழு ஊட்டிக்குப் பக்கத்தில் விஜயநகரத்தில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்புச் சக்தி உள்ள குஃப்ரி ஸ்வர்ணா ரகம் முத்தோரை வழியாக 1985இல் வந்தது. அத்தனை வருட உழைப்பை ஒரு பழைய சாக்கு கெடுத்துவிடும். விதைக்குப் புதுச் சாக்கு அல்லது கழுவிக் காயவைத்த தட்டு மட்டும். தட்டின் மூலையில் ஒட்டிய மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள், கொட்டகைத் தரையைக் காலியானதும் பெருக்கிக் கழுவுங்கள்.

கடைசியாக, வீட்டில் கேட்கிற கேள்வி: பொட்டு விழுந்த கிழங்கைச் சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடலாம். கருஞ்செதிலும் வெள்ளிச் செதிலும் தோலோடு நின்றுவிடும், சீவி எறிந்தால் சதை நன்றாகவே இருக்கும். சாப்பிடக் கூடாதது நேர்த்தி செய்த விதைக்கிழங்கைத்தான். நட்டது போக மீந்ததை வீணாகிறதே என்று சமையலுக்கோ மாட்டுக்கோ எடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. முக்கி எடுத்த அன்றே அந்தத் தட்டுகளில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள்.